கல்லாங் ஆறு, இடக்கையால்

முதல் நாள் தமிழில்தான் கேட்டேன்:
கல்லாங் ஆறு, விடியற்காலை, மழைக்குச் சற்று முன்.
ஆறு கற்கள் வந்தன.
வரிசையாக, முட்டை போல,
ஒவ்வொன்றின் கீழும் ஒழுங்கான நிழல்.
தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

சிரித்தேன். பிறகு எரிச்சல்.
பிறகு அந்த ஆறையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.
என்னைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களோடுதான்
எப்போதும் எனக்கு வேலை நடந்திருக்கிறது.

காக்கி புக்கிட், தொழிற்கூடக் கட்டடம், நான்காம் மாடி.
பக்கத்து அறையில் மீன் உருண்டை தயாரிக்கிறார்கள்.
சரக்கு மின்தூக்கி திறக்கும்போதெல்லாம்
என் கரித்தூளின் மேல் கடல்வாடை வந்து படியும்.
பதினோரு ஆண்டு நோட்டுப் புத்தகங்கள்:
போத்தோங் பாசிர் பாலத்தின் அடிவயிறு,
படகு கவிழ்ந்தும் சிரித்த ஒரு பையன்,
கரையில் நடப்பவர்களின் கணுக்கால்கள், கணுக்கால்கள்.
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பக்கங்களை
ஸ்கேன் செய்து ஊட்டினேன்.
ஊட்டினேன் என்றுதான் சொல்கிறோம்,
வாய் இல்லாததற்கும்.

இரண்டு இரவுகள் கணினியின் விசிறி முனகியது.
மூன்றாம் நாள் வந்தது என் ஆறு,
நான் ஒருநாளும் நின்றிராத வளைவில் திரும்பி.
மரம் சரி. பாலம் ஏறக்குறைய.
பிரதிபலிப்பு மட்டும் தவறான பக்கம் விழுந்தது,
அதை அப்படியே விட்டேன்.

ஆனால் எல்லாப் படத்திலும்
இடது ஓரம் கீழே
சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு.

நான் இடக்கைக்காரி.
கோடு முன்னால் போகும்,
உள்ளங்கை பின்னாலேயே வந்து அதைத் தேய்க்கும்.
உயர்நிலைப் பள்ளியில் மிஸ் ஜெசிந்தா
இதற்காகவே மூன்று மதிப்பெண் குறைப்பார்: சுத்தம் போதாது.
அந்த அழுக்கை
கையே இல்லாத ஒன்று கற்றுக்கொண்டிருந்தது.
என் பாணி என்று நினைத்துவிட்டது.
பாணி என்றால் கை என்றும் ஒரு பொருள் உண்டு,
அகராதியில் பார்த்துக்கொண்டேன்.

அழுக்கு வேண்டாம் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன்.
ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டும் ஆறு ஒன்று வந்தது.
திரும்பவும் வேண்டும் என்றேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும்.
நாற்பத்தேழாம் படத்தில், வலது மூலையில்,
கையெழுத்து மாதிரி ஒரு சிக்கல்.
என்னுடையது அல்ல.
பெரிதாக்கினேன், எழுத்தாகவில்லை,
யாரோ பெயரைச் சொல்ல வாயெடுத்து நிறுத்தியது போல.
என் நோட்டுகளுக்கு முன்பே
எத்தனை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததோ.
அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.
‘உரியவர் கேட்டால்’ என்று ஒரு கோப்புறை, அதில் அது மட்டும்.

மற்றவற்றை வெளிறலாக அச்செடுத்து
மேலே கரியால் வரைந்தேன்.
அது கட்டிய கரையை உடைத்தேன்,
அது மறந்த கணுக்கால்களை நட்டேன்.
என் கை மறுபடி தேய்த்தது,
அதன் தேய்ப்பின் மேலேயே.

கண்காட்சிப் படிவத்தில் ‘ஊடகம்’ என்று ஒரே ஒரு வரி.
காகிதம், கரி என்று எழுதினேன்.
கணினி என்று எழுதி அழித்து மீண்டும் எழுதினேன்.
பழைய கூச்சம் என்று போடக் கட்டமில்லை.

இறுதி அச்சு பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில், சுஹைமியிடம்.
மாதிரித் தாளை விளக்கடியில் பிடித்தார்.
இடது ஓரத்தைப் பார்த்தார்.
முகம் சுருங்கியது. கட்டைவிரலால்
மெதுவாக, பிறகு அழுத்தித் துடைத்தார்.
போகவில்லை.
“இயந்திரத்தின் கோளாறா?”
இல்லை, என்னுடையது என்றேன்.
தலையாட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.
எத்தனை பிரதி?

ஆறு, என்றேன், தமிழில், வாய் தவறி.
பேனா காத்திருந்தது.
எனம், என்று திருத்தினேன். எனம்.